திறமூல மென்பொருள் ஒரு சிறு கல்வி நிறுவனத்தைக் கடல் கடத்துவது எப்படி?

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு கல்வித் தொழில்நுட்ப நிறுவனம், தன் மென்பொருளை வேறொரு நாட்டுப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டுசெல்ல நினைத்தால், அதன் முன் வந்து நிற்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை நிரல் எழுதுவதோடு தொடர்பில்லாதவை. திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லும் அந்த நாட்டு மொழியில் இருக்க வேண்டும். அங்கே மதிப்பெண் போடும் முறை, கல்வியாண்டு தொடங்கும் மாதம், வருகைப் பதிவு வைக்கும் வழக்கம் எல்லாம் வேறாக இருக்கும். மாணவர்களின் விவரங்களை எங்கே சேமிக்கலாம், யாரிடம் கொடுக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கும். தேர்வு நாளன்று காலையில் தளம் திறக்கவில்லை என்றால், அந்த நாட்டு நேரப்படி, அந்த நாட்டு மொழியில், தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, இதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை நம்பித் தங்கள் மாணவர்களின் பதிவுகளை ஒப்படைக்கலாமா என்று தயங்கும் பல்கலைக்கழக நிர்வாகத்தை இணங்கவைக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இவற்றைப் பணத்தால் தீர்க்கின்றன. கிளை அலுவலகம் திறக்கிறார்கள், உள்ளூர் வழக்கறிஞரை அமர்த்துகிறார்கள், மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்குக் காசோலை எழுதுகிறார்கள். சிறு நிறுவனத்திடம் அந்தப் பணம் கிடையாது. அதற்கு இருக்கும் இன்னொரு வழி, இதே வேலைகளை அந்தந்த நாட்டில் இருப்பவர்களே தங்கள் சொந்தத் தேவைக்காகச் செய்துகொள்ளும்படி வாசலைத் திறந்துவிடுவது. அப்படிச் செய்ய வேண்டுமானால், மென்பொருளின் மூலநிரலும் அதை மாற்றும் உரிமையும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். திறமூல மென்பொருள் தரும் பலன் இந்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் இதே ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தொடங்கிய மூடில் என்னும் மென்பொருளின் வரலாறு உதவும்.

எதைத் திறந்து கொடுக்கிறார்கள்?

மனிதர்கள் எழுதுகிற, மனிதர்களால் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய நிரல் வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். கடையில் வாங்கும் மென்பொருள்களில் பெரும்பாலும் இது நமக்குக் கிடைப்பதில்லை. இயங்கும் வடிவம் மட்டும் கிடைக்கிறது. அதையும் எத்தனை கணினிகளில், எத்தனை மாணவர்களுக்கு, எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பதை விற்றவரின் ஒப்பந்தம் முடிவு செய்கிறது. திறமூல மென்பொருளில் மூலநிரலும் சேர்ந்தே கிடைக்கும். அதை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே திறந்து ஆராயலாம், வேண்டியபடி மாற்றலாம், மாற்றிய வடிவத்தைப் பிறருக்குக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணமும் வாங்கலாம்.

இதைக் கேட்டதும் புதியவர்களுக்கு எழும் எண்ணம், எழுதியவர் தன் உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்பது. உண்மையில் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. அந்த உரிமையின் பலத்தில்தான் அவர் மற்றவர்களுக்கு நிபந்தனையோடு அனுமதி வழங்குகிறார். அந்த நிபந்தனைகளின் தொகுப்பை உரிமம் என்கிறோம். எம்.ஐ.டி. உரிமம் போன்ற தளர்வான உரிமங்கள், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்துக்கொண்டால் போதும் என்கின்றன. எடுத்துச் செல்பவர் தன் மூடிய மென்பொருளுக்குள் அதைப் பொதிந்து விற்கலாம். ஜி.பி.எல். உரிமம் கண்டிப்பானது. மாற்றிய வடிவத்தைப் பிறருக்கு வழங்கினால், மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் அவர்களுக்குத் தர வேண்டும் என்பது அதன் விதி. மூடில் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியானது. இந்தத் தெரிவு பின்னாளில் பலமுறை அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்கிறது, சில முறை கையைக் கட்டியும் போட்டிருக்கிறது.

பெர்த்தில் தொடங்கிய கதை

மூடிலை உருவாக்கிய மார்ட்டின் டூஜியாமஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலப் பகுதியில் வளர்ந்தவர். அருகில் பள்ளி இல்லாத அத்தகைய இடங்களில் ஆசிரியர் வானொலியில் பாடம் நடத்துவார். பாடத்தாள்கள் விமானத்தில் வந்து சேரும். தொலைவிலிருந்து படிப்பது என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் அவர் பெர்த்தில் உள்ள கர்டின் பல்கலைக்கழகத்தில், அன்றைக்குப் பரவலாக விற்பனையான வெப்சிடி என்னும் மூடிய கற்றல் தளத்தை நிர்வகித்து வந்தார். அதன் குறைகளில் சலித்துப்போய் 1999 வாக்கில் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்ட் 20 அன்று மூடிலின் முதல் பதிப்பு வெளிவந்தது.

அது என்ன செய்யும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆசிரியர் பாடங்களை ஏற்றவும், மாணவர்கள் ஒப்படைப்புகளைச் சமர்ப்பிக்கவும், வினாத்தாள் நடத்தவும், கலந்துரையாடவும், மதிப்பெண் பட்டியல் வைக்கவும் உதவும் இணையத்தளத்துக்கான மென்பொருள் அது. கற்றல் மேலாண்மை அமைப்பு என்று இவ்வகையைச் சொல்வார்கள். இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் அதன் பதிவுபெற்ற தளங்கள் இருக்கின்றன. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கற்றல் தளங்கள் மூடிலில்தான் இயங்குகின்றன.

அது பரவியதற்குக் கல்விக் கொள்கை சார்ந்த காரணங்களைச் சொல்பவர்கள் உண்டு. டூஜியாமஸும் கற்றல் கோட்பாடுகளைப் பற்றி நிறையப் பேசியவர்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மிகச் சாதாரணமான ஒரு தொழில்நுட்பக் காரணம். மூடில் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது, தரவுத்தளத்துக்கு மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் போதும். 2002இல் உலகின் எந்த ஊரிலும் மலிவாக வாடகைக்குக் கிடைத்த இணைய இடம் என்றால் அது லினக்ஸ் கணினியில் பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல்லும் போட்டுக் கொடுத்த இடம்தான். ஆகவே பெர்த்திலிருந்து யாரும் விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை, எந்த விற்பனைப் பேச்சும் நடக்கவில்லை; ஏதோ ஒரு நாட்டில் கணினி தெரிந்த ஓர் ஆசிரியர் கோப்புகளைத் தரவிறக்கி, ஒரு மாலைப்பொழுதில் தன் பள்ளிக்கு ஒரு தளத்தை நிறுவிவிட முடிந்தது. திறமூலத்தின் மேல் திறமூலமாகக் கட்டியதால் வந்த வசதி இது. அடியில் இருக்கும் இயங்குதளத்துக்கோ தரவுத்தளத்துக்கோ உரிமக் கட்டணம் கேட்டிருந்தால், மூடிலை மட்டும் சும்மா கொடுத்திருந்தாலும் இந்தப் பரவல் நடந்திருக்காது.

மொழி

வெளிநாட்டுக்குப் போகும் மென்பொருளுக்கு முதல் செலவு மொழிபெயர்ப்பு. ஒரு கற்றல் தளத்தில் பொத்தான்கள், பிழைச் செய்திகள், உதவிக் குறிப்புகள், மாணவருக்குப் போகும் மின்னஞ்சல் வாசகங்கள் என்று பல்லாயிரம் சொற்றொடர்கள் இருக்கும். மூடிலில் இவை நிரலுக்குள் கலக்காமல் தனிக் கோப்புகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. நிரல் அந்தக் குறியை மட்டும் கேட்கும், எந்த மொழி வாசகத்தைக் காட்டுவது என்பது பயனர் தேர்ந்த மொழிப் பொதியைப் பொறுத்தது. புதிதாக ஒரு மொழியைச் சேர்க்க நிரலைத் தொட வேண்டியதே இல்லை. அமோஸ் என்ற இணையக் கருவியில் எவரும் மொழிபெயர்ப்பை முன்மொழியலாம். ஒவ்வொரு மொழிப் பொதிக்கும் பொறுப்பாளராக இருப்பவர் அதைப் பார்த்து ஏற்பார். இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத ஆசிரியர்களும் கல்லூரித் தொழில்நுட்பப் பணியாளர்களுமே. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பொதிகள் உருவாயின.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரு மொழிப் பொதிக்கு இன்னொரு பொதியைத் தாய்ப்பொதியாக அறிவிக்கலாம். அப்போது வேறுபடும் சொற்றொடர்களை மட்டும் எழுதினால் போதும், மீதி தாய்ப்பொதியிலிருந்து வரும். ஜெர்மன் மொழியில் பெரியவர்களை மரியாதையாகவும் சிறுவர்களை ஒருமையிலும் விளிப்பார்கள். பத்து வயதுக் குழந்தையிடம் தளம் மரியாதைப் பன்மையில் பேசினால் அங்கே அது விறைப்பாகத் தெரியும். ஆகவே ஜெர்மானிய ஆசிரியர்கள் பொதுவான ஜெர்மன் பொதியோடு, ஒருமையில் விளிக்கும் பொதி ஒன்றையும், சிறுவர்களுக்கான எளிய பொதி ஒன்றையும் தனித்தனியே உண்டாக்கிக்கொண்டார்கள். ஸ்பானிய மொழிக்கு மெக்சிகோ வழக்கில் தனிப் பொதி இருக்கிறது. தமிழுக்குப் பொதுவான பொதியும் இலங்கைத் தமிழுக்கென ஒன்றும் உண்டு. பெர்த்தில் உட்கார்ந்து சந்தை ஆய்வு செய்யும் எவரும், ஜெர்மனியின் தொடக்கப் பள்ளிக்கு வேறு விளி வேண்டும் என்று கண்டுபிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்டுபிடித்தாலும் அதற்கு நிதி ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

இலவச மொழிபெயர்ப்புக்கு ஒரு குறைபாடும் உண்டு. ஆர்வலர்கள் உள்ள மொழி முழுமையாக இருக்கும். ஆர்வலர் விலகிப்போன மொழியில் புதிய பதிப்பின் சொற்றொடர்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். கட்டணம் வாங்கும் வாடிக்கையாளர் ஒருவர் அந்த மொழியில் இருந்தால், விடுபட்டதை நிரப்பும் செலவை நிறுவனம் ஏற்கத்தான் வேண்டும்.

மொழியைத் தாண்டியும் உள்ளூர்த் தேவைகள் இப்படியே நிறைவேறின. மூடிலின் அமைப்பு, மைய நிரலை மாற்றாமல் செருகுநிரல்களைச் சேர்க்க இடம் தருகிறது. ஒரு நாட்டு வருகைப் பதிவேடு, ஒரு நாட்டுப் பணப்பரிமாற்ற முறை, ஒரு கல்லூரியின் மாணவர் பதிவு மென்பொருளோடு இணைப்பு என்று தேவைப்பட்டவர்களே எழுதிச் சேர்த்தார்கள். மூடிலின் பொதுக் களஞ்சியத்தில் இத்தகைய செருகுநிரல்கள் ஈராயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் தொடங்கிய மூடில்பாக்ஸ் என்னும் தன்னார்வத் திட்டம், உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினியில் மூடிலை நிறுவி, இணைய இணைப்பே இல்லாத இடத்தில் வகுப்பறைக்குள் மட்டும் வைஃபை வழியாக இயங்கும்படி செய்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

மென்பொருளைச் சும்மா கொடுத்துவிட்டு நிறுவனம் எப்படிப் பிழைக்கும் என்பது நியாயமான கேள்வி. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது நிரலைக் காட்டிலும் நிம்மதியை என்பதுதான் இதற்கு விடை. சர்வரை நடத்துவது, காப்புப்பிரதி எடுப்பது, பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பழைய தளத்திலிருந்து பாடங்களை மாற்றுவது, தேர்வு நாளில் தொலைபேசியை எடுப்பது ஆகிய அனைத்தும் கட்டணத்துக்குரிய சேவைகள். இவற்றை ஒவ்வொரு நாட்டிலும் செய்ய உள்ளூர் ஆட்கள் வேண்டும்.

அதற்கு மூடில் வகுத்த வழி, முதல் பதிப்பு வெளிவந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிய பார்ட்னர் திட்டம். ஒரு நாட்டில் ஏற்கெனவே மூடில் சேவை அளித்துவந்த நிறுவனம் தகுதியைக் காட்டி அதிகாரபூர்வக் கூட்டாளியாகலாம். அது மூடில் என்ற பெயரையும் சின்னத்தையும் வணிகத்தில் பயன்படுத்தலாம். பதிலுக்கு அந்தச் சேவை வருவாயில் ஏறத்தாழ 10 விழுக்காட்டைப் பெர்த்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பணத்தில்தான் மைய நிரலை எழுதும் குழு நடந்தது. காலப்போக்கில் கூட்டாளிகள் எண்பதைத் தாண்டினார்கள். கிளை அலுவலகம் எதுவும் திறக்காமலே ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் ஆசியாவிலும் பேசவும் விற்கவும் ஆள் கிடைத்ததற்கு இதுவே காரணம். வெளியார் முதலீட்டை மூடில் ஏற்றது 2017இல்தான். டெகத்லான் கடைகளை நிறுவிய பிரான்சின் லெக்லெர்க் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனம் 60 லட்சம் அமெரிக்க டாலர் அளித்தது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் நடந்த பரவல் பெரும்பாலும் கூட்டாளிகளின் காசில் நடந்தது.

இந்த ஏற்பாட்டில் கூர்ந்து பார்க்க வேண்டியது, 10 விழுக்காடு எதற்காக என்பது. நிரலுக்காக அல்ல, நிரலை எவரும் ஒரு காசும் கொடுக்காமல் எடுத்துச் சேவை நடத்தலாம், பலர் நடத்தவும் செய்கிறார்கள். கூட்டாளிகள் செலுத்துவது பெயருக்காக. ஜி.பி.எல். உரிமம் பதிப்புரிமையைப் பற்றியது. வணிகச்சின்னத்தைப் பற்றிய அனுமதி எதையும் அது தருவதில்லை. நிரலை முழுக்கத் திறந்துவிட்டு, பெயரை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்ட இந்தப் பிரிவினைதான் மூடிலின் தொழில் வடிவம் என்றே சொல்லலாம்.

வாங்குபவரின் நம்பிக்கை

சிறு வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள பெரிய அச்சம், அந்த நிறுவனம் நாளைக்கு இருக்குமா என்பது. மூடிய மென்பொருள் என்றால், விற்றவர் கடையை மூடும்போது வாங்கியவரும் நடுத்தெருவில் நிற்பார். மூலநிரல் கையில் இருந்தால், வேறொரு நிறுவனத்தை அமர்த்தியோ தன் பணியாளர்களைக் கொண்டோ தொடர்ந்து நடத்தலாம். விற்பவர் சிறியவர் என்பது இங்கே அவ்வளவு பெரிய தடையாக இருப்பதில்லை.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2005இல் மூடிலைத் தேர்ந்தெடுத்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொலைநிலைக் கல்விக்கே பெயர்போன, லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட அந்த நிறுவனம், மூன்றே ஆண்டு வயதான ஓர் ஆஸ்திரேலிய மென்பொருளை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, தனக்குத் தேவையானவற்றைத் தன் நிரலாளர்களைக் கொண்டு எழுதி, மையத்துக்கே திருப்பிக் கொடுத்தது. வினாக்களை நடத்தி மதிப்பிடும் பகுதி அங்கேதான் புதிதாக எழுதப்பட்டு 2011இல் மூடில் 2.1 பதிப்பில் சேர்ந்தது. அதன் பின் பதிப்பைப் புதுப்பித்துக்கொண்ட எந்த நாட்டுச் சிற்றூர்ப் பள்ளியின் வினாத்தாளும் அந்த ஆங்கிலப் பல்கலைக்கழகம் எழுதிய நிரலில்தான் ஓடியது. தாராள மனத்தால் மட்டும் ஒரு பல்கலைக்கழகம் இப்படிச் செய்வதில்லை. தன் மாற்றங்களைத் தன்னிடமே வைத்திருந்தால், ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அவற்றை மீண்டும் பொருத்த வேண்டிய தொல்லை அதனுடையது. மையத்தில் சேர்த்துவிட்டால் அந்தப் பாரம் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது.

சட்டமும் சர்வரும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. தன்னைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறவும், நீக்கக் கோரவும் பயனருக்கு அது உரிமை தருகிறது. அதே மாதம் வெளியான மூடில் 3.5 பதிப்பில் இதற்கான வசதிகள் இருந்தன. ஒவ்வொரு செருகுநிரலும் தான் எந்தத் தனிவிவரத்தைச் சேமிக்கிறது என்று அறிவிக்கும் முறையும் வந்தது. 2020 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், அமெரிக்காவுக்குத் தனிவிவரங்களை அனுப்ப ஆதாரமாக இருந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியபோது, வெளிநாட்டு மேகக்கணினிச் சேவைகளை நம்பியிருந்த பள்ளிகள் குழம்பின. மூலநிரலை எடுத்துத் தன் நாட்டுக்குள்ளேயே, தன் சர்வரிலேயே நிறுவிக்கொண்ட நிர்வாகங்களுக்கு அந்தக் குழப்பம் குறைவு. ஜெர்மனியின் பவேரியா மாநிலப் பள்ளிகளுக்கான மெபிஸ் கற்றல் தளம் மூடிலின் மேல் கட்டப்பட்டது.

கொரோனா காலத்தில் ஜெர்மன் பள்ளிகள் பலவற்றில் இணைய வகுப்புகள் நடந்த பிக்புளூபட்டன் மென்பொருளின் கதையும் இதையொட்டியதே. கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய திட்டம் அது. பிளைண்ட்சைடு நெட்வொர்க்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதைப் பேணி வளர்த்தது. வகுப்பறைக்கென்றே எழுதப்பட்டதாலும், சொந்தச் சர்வரில் நிறுவ முடிந்ததாலும், அது மாநில அரசுகளின் கண்ணில் பட்டது. ஒட்டாவாவிலிருந்து எந்த விற்பனைக் குழுவும் ஒவ்வொரு மாவட்டக் கல்வி அலுவலகமாக ஏறி இறங்கவில்லை. ஆனால் உள்ளூரில் சர்வர் நடத்தியவர்கள் ஈட்டிய வருவாயில் ஒட்டாவாவுக்குப் பங்கு தர வேண்டும் என்று உரிமத்தில் எங்கும் இல்லை. திறமூலம் நாட்டெல்லையைத் தாண்டுவது நிறுவனத்தின் வருமானத்தைவிட எப்போதும் வேகமாக நடக்கும். கணக்குப் போடுபவர்கள் இதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கச் சந்தையில் இன்னோர் ஆபத்து இருந்தது. 2006இல், மூடிய கற்றல் தளம் விற்றுவந்த அமெரிக்காவின் பிளாக்போர்டு நிறுவனம் கற்றல் தளம் தொடர்பான ஒரு காப்புரிமையை (பேட்டன்ட்) பெற்று, கனடாவின் டிசையர்டுலேர்ன் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த குறி யாராகவும் இருக்கலாம் என்ற அச்சம் பரவியது. பெர்த்தின் சிறு நிறுவனம் ஒன்றால் அமெரிக்கக் காப்புரிமை வழக்கின் செலவைத் தாங்க முடியாது. அந்தக் கட்டத்தில், இந்தக் கருத்துகள் முன்பே புழக்கத்தில் இருந்தவை என்பதற்கான சான்றுகளைப் பல நாட்டுப் பயனர்கள் சேர்ந்து திரட்டினார்கள். கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஓர் அமெரிக்க அமைப்பு, மூடில், மற்றத் திறமூலக் கற்றல் தளங்களான சகாய், ஏட்யூட்டர் ஆகியவற்றின் சார்பில் மறு ஆய்வு கோரியது. 2007 பிப்ரவரியில், திறமூலத் திட்டங்களின் மீது இக்காப்புரிமையைப் பயன்படுத்த மாட்டோம் என்று பிளாக்போர்டு உறுதி அளித்தது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்தக் காப்புரிமையின் கோரிக்கைகள் செல்லாதென்று தீர்ப்பானது. மூடிய மென்பொருள் விற்கும் சிறு நிறுவனத்துக்கு இப்படி ஊர் கூடிவந்து நிற்பது அரிது.

விலை

2012 மார்ச்சில் அதே பிளாக்போர்டு, மூடிலின் பெரிய கூட்டாளிகளில் இரண்டை, அமெரிக்காவின் மூடில்ரூம்ஸையும் ஆஸ்திரேலியாவின் நெட்ஸ்பாட்டையும், விலைக்கு வாங்கியது. போட்டியாளரே இப்போது கூட்டாளி. பெர்த்துக்கு வரும் பங்குத்தொகையின் ஒரு பகுதி போட்டியாளரின் கையிலிருந்து வர வேண்டும். உரிமத்தில் இதைத் தடுக்க எந்த வழியும் இல்லை, இருந்திருந்தால் அது திறமூலமாகவும் இருந்திருக்காது. 2018இல் பிளாக்போர்டு கூட்டாளித் திட்டத்தை விட்டு வெளியேறியது. நிரல் அதனிடமே இருந்தது, வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். பெயர் மட்டும் போயிற்று. மூடில்ரூம்ஸ் என்ற சேவை ஓபன் எல்.எம்.எஸ். என்று பெயர் மாறி, 2020இல் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, இன்றும் மூடிலின் நிரலைக் கொண்டு தொழில் செய்கிறது.

இன்னொரு வகைப் பிரிவு டொடாரா. நிறுவனப் பணியாளர் பயிற்சிக்கென்று, மூடில் கூட்டாளிகள் சிலர் சேர்ந்து நியூசிலாந்தைத் தளமாகக் கொண்டு மூடிலின் மேல் கட்டிய மென்பொருள் அது. சில ஆண்டுகள் மூடிலின் ஒவ்வொரு பதிப்பையும் பின்தொடர்ந்து வந்த டொடாரா, 2015இல் இனித் தனி வழியில் போவதாக அறிவித்தது. நிரல் கிளை பிரிவது என்று இதைச் சொல்வார்கள். மூடில் பின்னர் அதே பணியாளர் பயிற்சிச் சந்தைக்கு வொர்க்ப்ளேஸ் என்ற தன் சொந்த வடிவத்தைக் கொண்டுவந்தபோது, அதைப் பொதுவில் தரவிறக்க விடாமல் கூட்டாளிகள் வழியாக மட்டுமே விற்றது. தூய திறமூல ஆதரவாளர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். என் பார்வையில் அது வயிற்றுப்பாட்டை அறிந்தவர்களின் முடிவு.

தளர்வான உரிமத்தில் போனவர்களின் கதை வேறு மாதிரி. நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் உள்ள ட்ரோம்சோ நகரத்தின் ஜூபெல் நிறுவனம் எச்5பி என்னும் கருவியை எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டது. இடையில் கேள்வி எழுப்பும் காணொளி, இழுத்துப் பொருத்தும் பயிற்சி போன்ற ஊடாடும் பாடங்களை ஆசிரியரே செய்துகொள்ள உதவுவது அது. தனித் தளமாக விற்காமல், இணையத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ், துருபல் ஆகியவற்றின், மூடிலின் செருகுநிரலாக அது பரவியது. மற்றவர்களின் வீட்டுக்குள் தங்குவதற்குத் தளர்வான உரிமம் வசதியாக இருந்தது. 2019 முதல் மூடிலின் மையத்திலேயே எச்5பி இடம்பெற்றது. அந்த நிறுவனம் கட்டணச் சேவை ஒன்றையும் தனியே நடத்தியது; 2024இல் அந்த நிறுவனத்தை கனடாவின் டி2எல், அதாவது பழைய டிசையர்டுலேர்ன், வாங்கிக்கொண்டது.

சேவையாகவே மென்பொருளைத் தர நினைக்கும் நிறுவனம் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஜி.பி.எல். உரிமத்தின் கடமை, மென்பொருளை மற்றவருக்கு வழங்கும்போதுதான் எழுகிறது. ஒருவர் அதை மாற்றித் தன் சர்வரில் மட்டும் ஓட்டி, உலாவி வழியாக மாணவர்களைப் பயன்படுத்தவிட்டால், மாற்றங்களை வெளியிடும் கட்டாயம் அவருக்கு இல்லை. இந்த இடைவெளியை அடைப்பதற்காக எழுதப்பட்டது ஏ.ஜி.பி.எல்.; வலைப்பின்னல் வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய இன்ஸ்ட்ரக்சர் நிறுவனம் கேன்வாஸ் என்னும் தன் கற்றல் தளத்தை 2011இல் இந்த உரிமத்தில் திறந்தது. எடுத்து நடத்துபவர் தன் மேம்பாடுகளை மறைத்துவைத்துப் போட்டிக்கு வருவது அதனால் கடினமாகிறது. வெளிநாடுகளில் கூட்டாளிகளை வளர்க்க நினைப்பவருக்கு ஜி.பி.எல். பொருந்தும், சேவையைத் தானே நடத்த விரும்புபவர் ஏ.ஜி.பி.எல். பக்கம் சாய்வார், பிறர் தளங்களுக்குள் புகுந்து பரவ வேண்டிய சிறு கருவிக்கு எம்.ஐ.டி. நல்லது. முழு விதியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடக்க யோசனைக்கு இது போதும்.

உரிமத்தைப் பின்னர் மாற்றுவது எளிதல்ல என்பதால், இந்த முடிவை முதல் வெளியீட்டுக்கு முன்பே எடுக்க வேண்டும். வெளியாட்கள் நிரல் எழுதிச் சேர்க்கத் தொடங்கிய பிறகு, அவர்கள் எழுதிய பகுதியின் பதிப்புரிமை அவர்களுடையது. ஏற்கெனவே வெளியான பதிப்பைத் திரும்பப் பெறவும் முடியாது. பெயரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் அவசரமானது. வணிகச்சின்னம் நாட்டுக்கு நாடு தனித்தனியே பதிவாகிறது. மாட்ரிட் ஒப்பந்த முறையில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம், 2013 முதல் இந்தியாவிலிருந்தும் அப்படி விண்ணப்பிக்கலாம். மென்பொருள் தானாகவே எல்லை தாண்டிவிடும் என்பதால், நிறுவனம் இன்னும் எட்டிப்பார்க்காத நாட்டில் அதன் பெயரை வேறொருவர் பதிவு செய்துவைத்திருப்பது நடக்கக்கூடியது. பயனர்கள் எந்தெந்த நாட்டிலிருந்து தரவிறக்குகிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்து, அந்த வரிசையிலேயே பெயரைப் பதிவு செய்துகொண்டு போவது சிறு நிறுவனத்தின் செலவுக்குள் அடங்கும் வேலை.